பதினேழாவது பொட்டலம்

— இல்ல நானா, கரண்ட் வர்றவரைக்கும் இங்கயேதான் நிக்கப் போறோம். இந்தத் தாளுல மூணு காப்பி எடுக்காம நான் நகர மாட்டேன்.

— நில்லுங்க கம்பஸ் தங்கச்சி, யாரு வேணாண்டா? அந்த பிஸ்கட் டின்னத் தள்ளி வச்சிட்டு பெஞ்சுல உக்காருங்க. காலைல போன கரண்ட். கொத்மலைத் தண்ணி இந்தா கண்ணுக்கு முன்னால கெடக்கு. அதுல எடுக்கிற கரண்ட் கொழும்புக்குப் போவுது, இந்த ஹசன் நானாவோட போட்டோ காப்பி மெஷின் பூண்டுலோயாக் குளிர்ல நடுங்கிக்கிட்டு கெடக்கு.

— அக்கா, நீ ஏன் வாசல்லயே நிக்கிற? உள்ள வா.

— கால் பூரா சேறு புள்ள. நேரா மலையில இருந்து வர்றேன். நானாவோட கட வீணாப் போகும்.

— அட, வாங்க பெரிய தங்கச்சி. இந்தச் சிமெண்டு பாக்காத சேறா?

— ஒரு மணிக்கு வர்றேன்னு சொன்னியே அக்கா. இப்ப மணி மூணு.

— கங்காணி நிப்பாட்டி வச்சிட்டாரு. ஆறாம் நம்பர் மலையில ஒரு செடிய விட்டுட்டேன்னு ஒரே சத்தம்.

— இன்னமும் அதே செடியா? அம்மாவும் இருந்தவரைக்கும் இதே கூத்துத்தான். கவ்வாத்துக்காரன் வெட்டலாம், நீங்க ரெண்டு பேரும் மட்டும் கொழுந்தெடுக்க மாட்டீங்க. அதுல என்ன, முனி குந்தியிருக்கா?

— முனியெல்லாம் இல்ல. அம்மா தொடாதன்னு சொன்னது, கை போறதில்ல. விடு.

— ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். ஒங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க? பாத்தா கம்பஸ் தங்கச்சி அரை முழம் ஒசந்து நிக்கிது.

— நான்தான் நானா மூத்தவ. எழுவத்தி நாலு பஞ்சத்துல அம்மா வயித்துல கெடந்தவ. இம்புட்டு வளந்ததே பெருசு.

— அல்லாவே, அந்தப் பஞ்சமா! எனக்கு அப்ப பத்து வயசு. எங்கட வாப்பா கடைய மூடிட்டு உள்ள இருந்து அழுதாரு. தோட்டத்து ஆளுங்க காட்டுக் கெழங்கத் தோண்டித் தின்னுட்டு ரோட்டுலயே விழுந்து கெடந்தாங்க.

— நானா, பஞ்சக் கதைய விடுங்க. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. செத்தவங்களப் பத்திப் பேசுற நேரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு தாளு வாங்கிக் குடுக்கலாம்.

— ஏ, நானாகிட்ட அப்பிடி வெடுக்குன்னு பேசாத.

— பேசட்டும், பேசட்டும். படிச்ச புள்ள. ஆமா, பேராதெனியவுல இப்ப என்ன படிக்கிறீங்க?

— கடல்புல்லு.

— என்னா?

— கடலுக்கு அடியில மொளைக்கிற புல்லு, நானா. பாசி இல்ல, புல்லு. வேர் இருக்கு, பூ பூக்குது. ஆமை மேயும், கடல்பன்னி மேயும். மீன் குஞ்சு பொரிக்கும்.

— மலையில பொறந்துட்டு கடலுக்குள்ள போய்ப் புல்லா புடுங்குறீங்க? நம்ம தோட்டத்துல இல்லாத புல்லா?

— தோட்டத்துப் புல்ல வெட்டுறதுக்குத்தான் எங்க அப்பன் தாத்தனெல்லாம் பொறந்தாங்க. நானும் அதையே வெட்டணுமா?

— இவ வாய் இப்பிடித்தான் நானா. மனசுல ஒண்ணும் இருக்காது. சின்னவளே, எனக்கு நேத்துக் காட்டுன படத்த நானாவுக்கும் காட்டு.

— இதா இருக்கு. பாருங்க.

— கறுப்புப் படத்துல வெள்ளக் கோடு. எக்ஸ்ரேயா?

— இல்ல நானா. கல்பிட்டிக் கடல்ல முப்பது எடத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு புடுங்கி, எடத்துக்கு ஒரு பொட்டலமாக் கட்டின எலை. பாத்தா எல்லாம் ஒண்ணு. சின்னக் கரண்டி மாதிரி, பச்சையா, வெரல் நகத்தவிடக் கொஞ்சம் பெருசு. ஆனா அதுல ரெண்டு இனம் இருக்குன்னு புத்தகத்துல எழுதியிருக்கு. எலையில குறுக்கு நரம்ப எண்ணச் சொல்றாங்க. எட்டுக்குள்ள இருந்தா ஒண்ணு, பத்துக்கு மேல இருந்தா இன்னொண்ணு.

— ஒம்போது இருந்தா?

— அதத்தான் நானும் கேட்டேன் நானா! எந்தப் புத்தகத்துலயும் பதில் இல்ல. ஆழத்துல மொளைச்சா எலை நீளுது, கரையில மொளைச்சா குறுகிப் போவுது. கண்ண நம்பினா ஏமாந்துருவோம். அதனால எலைய அரைச்சு, உள்ள இருக்கிற மரபணுவ எடுத்து, அதுல சில துண்டுகள லட்சக்கணக்காப் பெருக்கி, ஒரு ஜெல்லிக் கட்டியில ஓட விடுவோம். ஒரே இனம்னா கோடெல்லாம் ஒரே எடத்துல வந்து நிக்கும். வேற இனம்னா வேற எடத்துல.

— புல்லுக்கும் சாதி பாத்தாச்சா!

— புல்லுக்குப் பாத்தா யாரு குடியும் கெடாது நானா.

— எனக்கு இது விளங்குது புள்ள. வித்துல மொளைச்ச தேயிலையும் தண்டு வெட்டி நட்ட வீபித் தேயிலையும் பாக்கிற தொரைக்கு ஒண்ணுதான். ஒடிக்கிற கைக்குத்தான் தெரியும். ஆமா, இந்தக் கோடு மட்டும் ஏன் தனியா நிக்கிது? பக்கத்துல உள்ளதோடயும் சேரல, அந்தப் பக்கத்தோடயும் சேரல.

— அது பதினேழாவது பொட்டலம். கலந்து போச்சு. நான் கை கழுவாமத் தொட்டிருப்பேன், இல்லேன்னா குழாய் அழுக்கா இருந்திருக்கும். கழிச்சு விட்டுட்டேன்.

— பாக்காமலா?

— என்னத்தப் பாக்கிறது? ரெண்டு இனம்னு தெரியும். மூணாவதா ஒண்ணு வந்தா, அது என் தப்பு. கணக்குல சேக்க மாட்டாங்க.

— பாவம்.

— எது பாவம்?

— ஒண்ணுமில்ல. நீ பேசு.

— பேச என்ன இருக்கு. கரண்ட் வரணும். நானா, தாளப் பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?

— இந்தா, மேசையிலதான் இருக்கு. பேரு அழகம்மா. இது ஒங்கடதானே கம்பஸ் தங்கச்சி? பழைய காலத்துப் பேரா இருக்கேன்னு நானும் நெனச்சேன்.

— என் பேரு இல்ல நானா. அதுக்குத்தான் வந்திருக்கேன். அழகம்மா இந்தா நிக்கிறா, எங்கக்கா.

— சின்னவளே! வாய மூடு.

— நாளைக்கு ஊருக்கே தெரியப் போவுது, இன்னிக்கு நானாவுக்குத் தெரிஞ்சா என்ன? கேட்டுக்கங்க நானா. எனக்குப் பொறப்புப் பத்திரமே இல்ல. நான் பொறந்தத எவனும் எழுதல. பத்தாம் வகுப்பு வரைக்கும் சின்னப்பொண்ணுங்கிற பேர்லதான் படிச்சேன். ஓ. எல். சோதனை வந்திச்சு. ஜெயரத்தினம் சேர் கூப்புட்டு, “சேர்டிபிக்கற் இல்லாமல் உன்னைச் சோதினைக்கு ஏத்த ஏலாது பிள்ளை, வீட்டில வேற ஏதும் கிடந்தால் கொண்டு வா” ன்னாரு. வீட்டுல கெடந்தது அக்காவோட தாளு. அம்மா தகரப்பெட்டியில இருந்து எடுத்து எங்கையில குடுத்துச்சு. மறுநாளே பள்ளிக்கூடத்துப் பேர் இடாப்புல சின்னப்பொண்ணு செத்தா, அழகம்மா பொறந்தா.

— நீங்க ஒண்ணும் சொல்லலையா பெரிய தங்கச்சி?

— எனக்கு எதுக்கு நானா அந்தத் தாளு? நான் அப்ப தோட்டத்துல பேர் பதிஞ்சு மலைக்குப் போயிட்டேன். கொழுந்து பறிக்க சர்டிபிகேட் கேக்கிறாங்களா?

— கேட்டாங்க அக்கா! வத்தளையில கேட்டாங்க. தொண்ணூத்தி எட்டுல வீட்டு வேலைக்குப் போனியே, பொலிஸ்காரன் பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கினானே, அப்பக் கேட்டாங்க. ஐடி கார்டு இல்ல. யாழ்ப்பாணமா, மலைநாடான்னு கேட்டான். நீ மலைநாடுன்னு சொன்ன. நம்பல. பதினோரு நாள் உள்ள வச்சிருந்தானுங்க. அந்தப் பதினோரு நாளும் அழகம்மாவோட ஐடி கார்டு என் பையில இருந்திச்சு. நான் அதக் காட்டி லைப்ரரியில புத்தகம் எடுத்துக்கிட்டிருந்தேன்.

— அது முடிஞ்சு போன கத.

— முடியல. நீ இன்னமும் பொலிஸ்காரனப் பாத்தா பஸ்ஸுல குனிஞ்சுக்கிற. போன வருசம் சமாதானம்னு சொல்லி ரோட்டுத் தடையெல்லாம் எடுத்துட்டாங்க, நீ மட்டும் இன்னமும் குனியிற.

— பழக்கம் புள்ள.

— என்ன பழக்கம்? அதனாலதான் இதக் கொண்டு வந்திருக்கேன். நானா, இந்த டைப் அடிச்ச தாளையும் மூணு காப்பி. சத்தியக் கடதாசி. ஹட்டன் சமாதான நீதவான் முன்னால கையெழுத்துப் போடணும், அவர நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியாச்சு. நாளைக்கு நடமாடும் சேவை. அரசாங்கக் கச்சேரி ஆளுங்க, கிராம சேவகர், எல்லாரும் ஒரே மேசையில உக்காந்திருப்பாங்க. அங்க வச்சு நான் சொல்லப் போறேன். “நான் அழகம்மா இல்ல. இந்தப் பொறப்புப் பத்திரத்துக்குச் சொந்தக்காரி என் அக்கா. எனக்குப் பேரும் இல்ல, தேதியும் இல்ல.”

— அப்பிடிச் சொன்னா ஒங்கட பட்டம்?

— போவும்.

— கம்பஸ்ல பாக்கிற வேல?

— அதுவும்தான். சுவீடன்ல இருந்து வந்த கடுதாசியும் போவும். மூணு வருசம் அங்க போய் இந்தப் புல்லையே படிக்கக் கூப்புட்டிருக்காங்க. அழகம்மாவக் கூப்புட்டிருக்காங்க, என்ன இல்ல.

— கிறுக்குப் புள்ள. நானா, இவ சொல்றதக் கேக்காதீங்க. காப்பியெல்லாம் ஒண்ணும் வேணாம்.

— எடுங்க நானா. அவ இப்பிடித்தான், எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டு மூலையில உக்காந்து சிரிப்பா. இவ தியாகத்தப் பாத்துப் பாத்து எனக்கு வாந்தி வருது. ஒரு மனுசி எனக்கு எனக்குன்னு ஒரு தடவயாவது கேக்க வேணாமா?

— கேட்டாங்களே தங்கச்சி.

— யாரு? எப்ப?

— நானா, வேணாம்.

— இல்ல பெரிய தங்கச்சி, மறைச்சு என்ன செய்ய? போன கெழம இங்க வந்து, இதே பெஞ்சுல உக்காந்து, உத்தேச வயசுப் பத்திரத்துக்கு போம் நெரப்பித் தரச் சொன்னாங்க. பொறப்புப் பதிவு இல்லாதவங்களுக்குக் குடுக்கிறதில்லையா, அது. நான்தான் எழுதினேன். எனக்கு இப்பத்தான் ஒண்ணு தலையச் சுத்துது.

— என்ன பேரு எழுதினீங்க?

— நானா...

— கேக்குறேன்ல. என்ன பேரு?

— சின்னப்பொண்ணு.

— அக்கா!

— கத்தாத. ரோட்டுல ஆளு போவுது.

— அது என் பேரு!

— நீதான் கூப்பிடாதன்னு சொன்னியே. கம்பஸ் போன மொத லீவுல வந்து, “இனி என்ன யாரும் சின்னப்பொண்ணுன்னு கூப்புடக்கூடாது, பழகிட்டா வெளியில வாயில வந்துரும்”னு அழுதியே. நானும் அம்மாவும் ஒரு மாசம் ஒன்னக் கூப்புட பேரு இல்லாம “ஏ புள்ள, ஏ புள்ள”ன்னு கெடந்தோம். அந்தப் பேரு சும்மாத்தானே கெடக்கு. நான் எடுத்துக்கிட்டேன்.

— எப்பிடி அக்கா நீ...

— சின்ன வயசுல என் சட்டையெல்லாம் நீதானே போட்ட. சிறுசாப் போனதும் தோள் கிழிஞ்சதும் ஒனக்கு. இப்ப நீ கழட்டிப் போட்டத நான் போட்டுக்கிறேன். எனக்குச் சரியாத்தான் இருக்கு.

— முப்பது வயசுல சின்னப்பொண்ணா?

— சிரிக்காத. நானாவும் சிரிச்சாரு, எழுதுறப்ப.

— சத்தியமா நான் சிரிக்கல தங்கச்சி. இருமினேன்.

— நான் சிரிக்கலக்கா. எனக்குச் சிரிப்பு வரல. நீ ஒண்ணுமே இல்லாத ஆளு மாதிரி போய் அந்த மேசைக்கு முன்னால நின்னு, “எனக்கு என்ன வயசுன்னு தெரியாது, நீங்களே பாத்துப் போடுங்க”ன்னு சொல்லப் போற. டொக்டர் ஒன் பல்ல எண்ணிப் பாத்து வயசு போடுவான். மாட்டுக்குப் பாக்கிற மாதிரி. பத்திரம் இருக்கிற ஒருத்தி அப்பிடி நிக்கக் கூடாது.

— நின்னா என்ன? எனக்கு வேண்டியது ஒரு கார்டு. பஸ்ஸுல நிமுந்து உக்காரணும். அவ்வளவுதான்.

— ஒன் சொந்தப் பேர்ல உக்காரு!

— சுவீடன்ல குளிரா இருக்குமாமே. என் கம்பளிய எடுத்துட்டுப் போ.

— பேச்ச மாத்தாத. அம்மா செத்தப்பவும் இப்பிடித்தான். நான் வந்து, அம்மா கடைசியா என்ன கேட்டுச்சுன்னு கேட்டேன். கஞ்சி கேட்டுச்சுன்னு சொன்ன. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல.

— நீ அப்ப கடல்ல நின்ன. தந்தி வந்து சேர மூணு நாள்.

— குத்திக் காட்டு. நல்லா குத்து. அம்மா மண்ணுக்குப் போறப்ப நான் கல்பிட்டியில புல்லு புடுங்கிப் பொட்டலம் கட்டிக்கிட்டிருந்தேன். அந்தப் பதினேழாவது பொட்டலம் அன்னைக்குக் கட்டினது, தெரியுமா? தேதி எழுதி வச்சிருக்கேன். தந்திய வாசிச்சுட்டு அழுக்குக் கையோட தொட்டிருப்பேன். அதான் கலந்து போயிருக்கும்.

— இல்ல சின்னவ. நீ ஒண்ணும் கெடுத்திருக்க மாட்ட. அத இன்னொரு தடவ எடுத்துப் பாரு.

— எத?

— அந்தப் பொட்டலத்த. எலை மிச்சம் இருக்கா?

— இருக்கும். ரெண்டு எலை.

— அரைச்சுப் பாரு. அது அழுக்கு இல்ல. மூணாவதா ஒண்ணு நெசமாவே இருந்திருக்கும். பாக்கிறவங்களுக்கு ரெண்டுன்னு தெரிஞ்சா, ரெண்டுதான் இருக்கணும்னு ஏதும் இருக்கா?

— அக்கா, நீ எதுக்கு ஒரு புல்லுக்காக இப்பிடிக் கண்ணு கலங்குற?

— கலங்கல. நானாவோட லாம்பு புகையிது.

— வந்திட்டுது, வந்திட்டுது! அல்ஹம்துலில்லாஹ்! பாருங்க, லைட் எரியிது. மெஷின் கொஞ்சம் சூடாவட்டும். அந்தப் பத்திரத்த விரிச்சு வைக்கிறேன். மடிப்புல நைஞ்சு போயிருக்கு, மெதுவாத்தான் வைக்கணும். மூணு காப்பிதானே?

— மூணு.

— பேரு அழகம்மா. தகப்பன் பேரு முத்துலிங்கம். பொறந்த தேதி... பொறுங்க. பெரிய தங்கச்சி, நீங்க எழுவத்தி நாலு பஞ்சத்துல வயித்துல கெடந்தேன்னு சொன்னீங்கல்ல?

— ஆமா நானா.

— இதுல எழுவத்திரெண்டு, நவம்பர் ஒம்போதுன்னு இருக்கு.

— தோட்டத்துக் கிளாக்கர் தப்பா எழுதியிருப்பான் நானா. அவனுங்க எத ஒழுங்கா எழுதினானுங்க? என்னைய எழுதவே இல்லையே. நீங்க எடுங்க.

— தப்புன்னா பொறந்த தேதிதான் தப்பாகணும் கம்பஸ் தங்கச்சி. பதிஞ்ச தேதியும் கீழ இருக்கு. ரெஜிஸ்தார் கையெழுத்து, சீலு எல்லாம் இருக்கு. எழுவத்திரெண்டு டிசம்பர். வயித்துக்கு வராத புள்ளைய எவன் பதிவான்?

— காட்டுங்க. இங்க குடுங்க அத.

— மெல்ல, கிழிஞ்சுரும்.

— பத்து வருசமா இத நான் வச்சிருக்கேன். எத்தன எடத்துல குடுத்திருக்கேன். எத்தன போம்ல இந்தத் தேதிய எங்கையால எழுதியிருக்கேன்... அக்கா.

— ம்.

— அம்மா ஒன்னப் பஞ்சத்துல சொமந்திச்சுன்னு நான் நூறு தடவ கேட்டிருக்கேன்.

— கேட்டிருக்க.

— அப்ப இது யாரோட தாளு?

— ஒன் பேர்ல ஒரு பொய்ய வச்சுக்கிட்டு நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும். அதோட இதையும் ஏன் சொமக்கணும்னுதான் சொல்லாம இருந்தேன். நீ நாளைக்கு எல்லாரு முன்னாலயும் சத்தியம் பண்றேங்கிற. அந்தச் சத்தியமும் பொய்யாப் போகும் புள்ள.

— யாரோட தாளுக்கா?

— எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. ஒன்றர வயசு. ஓடி ஆடி நடந்துக்கிட்டிருந்தவ, பஞ்சத்துல நடைய விட்டுட்டுத் திரும்பத் தவழ ஆரம்பிச்சாளாம். அப்பறம் தவழவும் இல்ல. அவ போன அஞ்சாம் மாசம் நான் பொறந்தேன். பெட்டியில தாளு இருக்கு, அதுக்குப் புள்ள இல்ல. கையில புள்ள இருக்கு, அதுக்குத் தாளு இல்ல. அம்மா அந்தப் பேரையே சொல்லி என்னக் கூப்புட்டுருச்சு. உசுரு போற அன்னைக்குத்தான் எங்கிட்டயே சொல்லிச்சு. கஞ்சி கேட்டதும் தனக்கு இல்ல. அவளுக்கு ஊட்டச் சொல்லிக் கேட்டுச்சு.

— அப்ப நான் இத யாருக்குக்கா திருப்பிக் குடுக்கிறது?

— ஆறாம் நம்பர் மலையில நாங்க கொழுந்தெடுக்காத செடி இருக்குல்ல. அதுக்கு அடியிலதான் அழகம்மா இருக்கா.